உலர்ந்த பரப்புகளில் நோய்க்கிருமிகள்: பூட்டிவைத்த அறை தானாகத் தூய்மையாகிவிடுமா?

வார்டு_பொறுப்பு

அனைவருக்கும் வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் பொறுப்புச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் எழுந்த ஒரு கருத்து வேறுபாட்டை இங்கே வைக்கிறேன். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத அசினெட்டோபாக்டர் என்னும் பாக்டீரியாவின் தொற்றுடன் இருந்த நோயாளி ஒருவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அவர் இருந்த அறையை ஒரு நாள் பூட்டி, குளிர்சாதனத்தை ஓடவிட்டு, பிறகு வழக்கம்போலத் துடைத்தால் போதும் என்று நிர்வாகத் தரப்பில் சொன்னார்கள். ஈரம் இருந்தால்தான் கிருமி பிழைக்கும், காய்ந்த கம்பியிலும் மேசையிலும் அது தானாகச் செத்துவிடும் என்பது அவர்களுடைய வாதம். கழுவுதொட்டி, வடிகால், வென்டிலேட்டர் குழாய் ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும் என்றும் சொன்னார்கள்.

ஈரமான இடங்கள் ஆபத்தானவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டிலின் பக்கக் கம்பி, மருந்து செலுத்தும் பம்பின் பொத்தான்கள், அழைப்பு மணி, மானிட்டரின் திரை ஆகியவற்றை ஒரு வேளைப்பணிக்குள் நாங்கள் எத்தனை முறை தொடுகிறோம் என்பதை நினைத்தால், அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இவற்றின்மேல் கிருமிகள் உண்மையில் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? ஆய்வகத்தில் கிடைத்த கணக்கை வார்டுக்கு எவ்வளவு தூரம் நம்பிக் கொண்டுவரலாம்? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்தில் தெளிவாகப் பேச இயலும்.

ஆய்வகவாசி

பொறுப்புச் செவிலியர் அவர்களுக்கு வணக்கம். நான் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருப்பவன். காய்ந்தால் செத்துவிடும் என்பது சில கிருமிகளுக்கு ஓரளவு பொருந்தும். கொனோரியாவை உண்டாக்கும் பாக்டீரியா உலர்ந்த பரப்பில் ஒன்று முதல் மூன்று நாள்களும், காலராக் கிருமி ஒன்று முதல் ஏழு நாள்களும், கக்குவான் கிருமி சில நாள்களும் தாங்கும். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு பொதுவிதி செய்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் அது தலைகீழாகிவிடும், ஏனென்றால் அங்கே நாம் அஞ்ச வேண்டிய கிருமிகள் பெரும்பாலும் உலர்வைத் தாங்கும் வகையைச் சேர்ந்தவை.

2006இல் கிராமர், ஷ்வெப்கே, காம்ஃப் ஆகிய மூவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வை உங்கள் குழுவினர் பார்த்திருக்கக்கூடும். அதன்படி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ வகை உட்பட, 7 நாள்கள் முதல் 7 மாதங்கள் வரை உலர்ந்த பரப்பில் உயிரோடு இருக்கிறது. எண்டரோகாக்கஸ், வான்கோமைசினுக்குக் கட்டுப்படாத விஆர்இ உட்பட, 5 நாள்கள் முதல் 4 மாதங்கள் வரை. அசினெட்டோபாக்டர் 3 நாள்கள் முதல் 5 மாதங்கள் வரை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் ஸ்போர்கள் (கடினமான உறைக்குள் உறங்கும் வடிவம்) 5 மாதங்கள். கிளெப்சியெல்லாவுக்கு 2 மணி நேரத்தில் தொடங்கி 30 மாதங்களுக்கு மேல் வரை செல்லும் வீச்சு தரப்பட்டிருக்கிறது. இ.கோலைக்கு ஒன்றரை மணி நேரம் முதல் 16 மாதங்கள் வரை.

இவ்வளவு பெரிய வீச்சைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். இது ஒரே சோதனையில் கிடைத்த முடிவன்று. வெவ்வேறு ஆய்வாளர்கள் வெவ்வேறு கிருமி வகைகளை, வெவ்வேறு எண்ணிக்கையில், வெவ்வேறு பொருள்களின்மேல் வைத்துப் பார்த்தவை சேர்ந்த தொகுப்பு அது. வெறும் நீரில் கலந்து கண்ணாடியில் விட்ட கிருமியும், இரத்தத்திலோ சளியிலோ கலந்து பிளாஸ்டிக்கில் காய்ந்த கிருமியும் ஒரே காலம் வாழ்வதில்லை. புரதம் சூழ்ந்திருந்தால் கூடுதல் நாள் தாங்கும்; தொடக்க எண்ணிக்கை கூடினாலும் தாங்கும்; வெப்பநிலை குறைந்தாலும் தாங்கும். ஈரப்பதத்தின் பங்கு மட்டும் கிருமிக்குக் கிருமி மாறுகிறது. கிராம் நெகட்டிவ் எனப்படும் மெல்லிய சுவர் கொண்ட வகைகளில் (அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, இ.கோலை போன்றவை) பெரும்பாலானவை ஈரப்பதம் மிகுந்த காற்றில் நெடுநாள் இருக்கின்றன. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஈரப்பதம் குறைந்த காற்றிலேயே கூடுதலாகப் பிழைக்கிறது.

அசினெட்டோபாக்டருக்கு வருகிறேன். ஜவாத் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடித் துண்டின்மேல், 31 விழுக்காடு ஈரப்பதத்தில், அதன் வகைகள் சராசரியாக ஏறத்தாழ 27 நாள்கள் உயிரோடு இருந்தன. மருத்துவமனைப் பரவலை உண்டாக்கிய வகைகளும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த வகைகளும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. குளிர்ந்த, வறண்ட அறையில் ஒரு நாள் பூட்டிவைப்பதால் இந்தக் கிருமிக்கு நேரும் இழப்பு, நோயாளியின் பாதுகாப்பை ஒப்படைக்கும் அளவுக்குப் பெரியதன்று.

உலர்வு ஏன் கொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர் வற்றும்போது உயிரணுவின் உள்ளே உப்புகளின் செறிவு ஏறுகிறது, புரதங்கள் வடிவம் இழக்கின்றன, ஆக்சிஜனிலிருந்து உருவாகும் தீவிர மூலக்கூறுகள் டிஎன்ஏவை அறுக்கின்றன. பெரும்பாலான உயிரணுக்கள் இதில்தான் மடிகின்றன. ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் வகைகளுக்குத் தடித்த பெப்டிடோகிளைக்கான் சுவர் கைகொடுக்கிறது. அசினெட்டோபாக்டருக்கு அப்படிப்பட்ட சுவர் இல்லை; ஆனால் அதைச் சூழ்ந்த சர்க்கரைப் போர்வை நீரைப் பிடித்துவைக்கிறது, ட்ரெஹலோஸ் போன்ற சேர்மங்கள் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கின்றன, ரெக்ஏ என்னும் புரதம் அறுந்த டிஎன்ஏவைச் செப்பனிட உதவுகிறது. காய்ந்த நிலையில் அது பெருகுவதில்லை, உண்பதில்லை. குதிருக்குள் கிடக்கும் விதை நெல்லைப் போல நீருக்காகக் காத்திருக்கிறது. கையுறையின் ஈரமோ நோயாளியின் வியர்வையோ பட்டதும் மீண்டும் செயல்படத் தொடங்குகிறது.

கட்டமைப்புப்_பொறியாளர்

மருத்துவமனைக் கட்டடங்களின் காற்றோட்ட அமைப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் ஓர் ஐயத்தை எழுப்ப விரும்புகிறேன். ஆய்வகவாசி ஐயா தவறாகக் கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஆய்வகச் சோதனைகளில் ஒரு சிறு பரப்பின்மேல் லட்சக்கணக்கில், சில வேளைகளில் கோடிக்கணக்கில் பாக்டீரியாவை வைத்துவிட்டு, கடைசியாக ஒன்றிரண்டு மிஞ்சும் நாள்வரை எண்ணுகிறார்கள். வார்டின் மேசையில் அத்தனை கிருமி இருப்பதில்லை. மிஞ்சிய அந்த ஒன்றிரண்டு ஒருவரை நோயாளியாக்கப் போதுமா? பரப்பில் கிருமி இருப்பது ஒன்று, அந்தப் பரப்பிலிருந்துதான் நோய் வந்தது என்று காட்டுவது வேறொன்று. இரண்டாவதற்கு எவ்வளவு வலுவான சான்று இருக்கிறது? கை கழுவுதலைச் சீராக்கினால் பரப்புகளைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பணமும் ஆளும் குறைவாக இருக்கும் இடத்தில் எதை முதலில் செய்வது என்பது எளிய கேள்வி அன்று.

ஆய்வகவாசி

பொறியாளர் ஐயாவின் கேள்வி நியாயமானது. ஆய்வகத்தில் கிடைத்த அதிகபட்ச மாதக் கணக்கை மட்டும் காட்டி அச்சுறுத்துவது எனக்கும் உடன்பாடில்லை. இத்தனை மாதம் என்பது கடைசி உயிரணு மறையும் வரை உள்ள காலம். எண்ணிக்கையின் பெரும்பகுதி அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது.

ஆனால் எத்தனை கிருமி இருந்தால் நோய் வரும் என்பதற்கு நலமான உடலை அளவாகக் கொள்ளக் கூடாது. 1957இல் எலெக், கோனென் ஆகியோர் தன்னார்வலர்களிடம் செய்த சோதனையில், தோலுக்குள் செலுத்திய ஸ்டெஃபைலோகாக்கஸ் சீழ் உண்டாக்கப் பத்து லட்சத்துக்கு மேல் தேவைப்பட்டது. அதே தோலில் பட்டுத் தையல் நூல் ஒன்று இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் உடலில் இரத்தக் குழாயிலும், மூச்சுக் குழாயிலும், சிறுநீர்ப் பையிலும் அயல்பொருள்கள் இருக்கின்றன. அவரிடம் 'சில நூறுதானே' என்று சொல்ல முடியாது.

பரப்பிலிருந்து நோயாளிக்குச் செல்கிறதா என்னும் கேள்விக்கு, அறையில் முன்பு இருந்தவரை வைத்துச் செய்த ஆய்வுகள் நல்ல விடை தருகின்றன. ஹுவாங், தத்தா, பிளாட் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு எம்ஆர்எஸ்ஏ உடையவர் தங்கிய அறைக்கு வந்தவர்களில் 3.9 விழுக்காட்டினர் அதைப் பெற்றார்கள். மற்ற அறைகளுக்கு வந்தவர்களில் அது 2.9 விழுக்காடு. விஆர்இக்கு இந்த எண்கள் 4.5, 2.8. முன்னவரும் பின்னவரும் சந்திப்பதே இல்லை; இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்த அறையும் அதன் பொருள்களும்தாம். இதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் நேர்மையாகச் சொன்னார்கள்: இப்படி அறைவழி வந்த கூடுதல் ஆபத்து, மொத்தத்தில் புதிதாக எம்ஆர்எஸ்ஏ பெற்றவர்களில் 5.1 விழுக்காட்டினருக்கும், விஆர்இ பெற்றவர்களில் 6.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே காரணம். ஆகவே பரப்புதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று நான் வாதிடவில்லை. தடுக்கக்கூடிய ஒரு பங்கு அதனிடம் இருக்கிறது, அந்தப் பங்கில் உயிர்கள் இருக்கின்றன.

கையா, பரப்பா என்று பிரிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பாய்ஸ் குழுவினர் 1997இல் காட்டியது இது: எம்ஆர்எஸ்ஏ நோயாளியைத் தொடாமல், அவருடைய அறையின் மாசுபட்ட பரப்புகளை மட்டும் தொட்ட பணியாளர்களில் 42 விழுக்காட்டினரின் கையுறைகளில் அந்தக் கிருமி ஏறியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் கை தூய்மைக்கு வகுத்த ஐந்து தருணங்களில் ஐந்தாவது, நோயாளியைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்ட பிறகு என்பது. கைகளைத் தூய்மை செய்யும் விகிதம் எங்கும் நூறு விழுக்காடாக இருந்ததில்லை. அந்தக் குறை இருக்கும் வரையில், கை தொடும் இடத்தில் கிருமி குறைவாக இருப்பது இன்றியமையாதது.

தூய்மைப்பணி_மேற்பார்வை

நான் மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்களை மேற்பார்வை செய்பவள். இந்த இழையில் எங்கள் வேலையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, துடைக்கப்பட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. தரை பளபளக்கும், ஆனால் கட்டிலின் பக்கக் கம்பியின் உட்புறத்தில் துணி பட்டிருக்காது. கார்லிங் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் திரவத்தை 23 மருத்துவமனைகளில் கை அடிக்கடி படும் இடங்களில் பொட்டாக வைத்துவிட்டு, நோயாளி சென்றபின் நடக்கும் இறுதித் தூய்மைக்குப் பிறகு சோதித்தார்கள். சராசரியாக 49 விழுக்காடு இடங்களில்தான் பொட்டு அழிந்திருந்தது. இதைப் படித்துவிட்டுத் தூய்மைப் பணியாளர் சோம்பேறி என்று முடிவுகட்டுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் கேட்காத கேள்விகள் உண்டு. அந்த அறைக்கு எத்தனை நிமிடம் கொடுக்கப்பட்டது? வெளியே ஸ்ட்ரெச்சரில் அடுத்த நோயாளி காத்திருக்கும்போது, சீக்கிரம் முடியுங்கள் என்று யார் சொன்னார்கள்? எந்தெந்த இடம் முக்கியம் என்று அந்தப் பணியாளருக்கு யாராவது காட்டினார்களா?

இரண்டாவது, பொருளுக்கு உரிமையாளர் யார் என்னும் குழப்பம். மருந்து செலுத்தும் பம்பைத் தொட எங்கள் பணியாளர்கள் அஞ்சுவார்கள், ஏனென்றால் அமைப்பு மாறிவிட்டால் பழி அவர்கள்மேல் விழும். செவிலியர்களோ துடைப்பது தூய்மைப் பிரிவின் வேலை என்று நினைப்பார்கள். இரு தரப்பும் நல்ல எண்ணத்தோடுதான் இருக்கிறார்கள். பம்பு மட்டும் துடைக்கப்படாமல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் கிளிப், எடுத்துச் செல்லும் ஸ்கேன் கருவி ஆகியவற்றின் கதையும் இதுதான்.

மூன்றாவது, கிருமிநாசினித் திரவம் பரப்பின்மேல் ஈரமாக இருக்க வேண்டிய நேரம். புட்டியில் ஐந்து நிமிடம் என்றோ பத்து நிமிடம் என்றோ போட்டிருக்கும். துடைத்த துணி பாதி காய்ந்திருந்தால், குளிர்சாதன அறையில் அரை நிமிடத்துக்குள் பரப்பு உலர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மருந்துக்கு வேலை இல்லை. ஆல்கஹால் இன்னும் விரைவாக ஆவியாகும். சிறிய பொருள்களுக்கு அது நல்லது, மேசை முழுவதற்கும் ஏற்றதன்று. துணியின் தன்மையும் பார்க்க வேண்டும். குவாட்டர்னரி அம்மோனியம் வகை மருந்தைப் பருத்தித் துணி தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும். வாளியில் அளவு சரியாக இருந்தாலும் மேசைக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். பயன்படுத்திய துணியை அதே வாளியில் மறுபடி முக்கினால் மருந்து நீரே மாசுபட்டு, நாங்களே கிருமியை அறை அறையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் ஆகிவிடுவோம். இந்த ஒன்றில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை.

வேலையைச் சரியாகச் செய்ய ஆள் கொடுத்தால் பலன் தெரியும் என்பதற்கும் சான்று உண்டு. டான்சர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு அறுவைச் சிகிச்சை வார்டுகளில், கை படும் இடங்களுக்கென்று கூடுதலாக ஒரே ஒரு தூய்மைப் பணியாளரை வைத்தார்கள். அந்த இடங்களின் நுண்ணுயிர் மாசு 32.5 விழுக்காடும், புதிய எம்ஆர்எஸ்ஏ தொற்றுகள் 26.6 விழுக்காடும் குறைந்தன. அது சிறிய ஆய்வுதான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், விலை உயர்ந்த கருவியைப் பற்றிப் பேசும் முன், நம்மிடம் எத்தனை கைகள் இருக்கின்றன என்று கேட்பதற்கு அது போதும்.

இரவுப்பணி_மருத்துவர்

மேற்பார்வையாளர் அம்மா எழுதியதை எங்கள் துறையில் எல்லோரும் படிக்க வேண்டும். நான் ஒரு கோணத்தை மட்டும் சேர்க்கிறேன்.

உலர்ந்த பரப்பில் கிருமிகள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். உயிர்ப்படலம் (கிருமிகள் கூட்டமாகப் பிசுபிசுப்பான உறைக்குள் ஒட்டி வாழும் அடுக்கு) என்பது வடிகாலிலும், சிறுநீர்க் குழாயிலும், பல்லின்மேலும் உருவாவது, அதற்கு நீரோட்டம் வேண்டும் என்றே பாடம் படித்தோம். 2012இல் விக்கரி குழுவினர் ஆஸ்திரேலியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றின் பொருள்களை, இறுதித் தூய்மை முடிந்தபின் வெட்டியெடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உலர்ந்த பரப்புகளிலேயே உயிர்ப்படலம் இருந்தது. அதற்குள் எம்ஆர்எஸ்ஏ உயிரோடும் இருந்தது. அதன் தொடர்ச்சியாக 2015இல் வெளியான ஆய்வில், பரிசோதித்த 44 மாதிரிகளில் 41இல் படலம் காணப்பட்டது. சேகரித்த பொருள்களில் ஓராண்டு கழித்தும் உயிருள்ள பாக்டீரியா கிடைத்தது. பிரிட்டனில் 2018இல் லெட்வோக் குழுவினர் மூன்று மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்பேட்டு உறைகள், விசைப்பலகைகள், சானிடைசர் புட்டிகள் போன்ற 61 பொருள்களைப் பார்த்து, 95 விழுக்காட்டில் உலர் படலம் இருப்பதாக அறிவித்தார்கள்.

இதனால் நடைமுறையில் இரண்டு விளைவுகள் உண்டு. பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்த மாதிரி வளரவில்லை என்பதால் பரப்பு தூய்மையானது என்று எழுதிவிட முடியாது. படலம் பரப்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் குச்சியில் வராமல் போகலாம், வந்தாலும் ஆய்வக வளர்ப்பு ஊடகத்தில் வளர மறுக்கும் நிலையில் இருக்கலாம். அடுத்தது, மருந்தின் செறிவைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் நம்பிக்கை உடைகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் உலர் படலத்தின்மேல் 20,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் அளவு) குளோரின் வரை கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் எல்லாம் மடிந்ததுபோல் தோன்றியது. நெடுநாள் வளர்ப்பில் வைத்தபோது கிருமி மீண்டும் தலைகாட்டியது. வார்டில் வழக்கமாகப் பயன்படுத்துவது 1000 பிபிஎம் அளவில்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். படலத்தைத் தேய்த்து, உரசி நீக்குவதுதான் அங்கே முதல் வேலை, மருந்து அதற்கு அடுத்தது.

வார்டு_பொறுப்பு

மருத்துவரின் பதிவைப் படித்தபின் ஒரு கேள்வி. அப்படியானால் எங்கள் குளோரின் கரைசலால் பயனே இல்லை என்று கூட்டத்தில் யாராவது சொல்லிவிடக் கூடாதே?

இரவுப்பணி_மருத்துவர்

அப்படிச் சொன்னால் மறுத்துவிடுங்கள். படலத்திலும் எண்ணிக்கை பல மடங்கு குறையவே செய்கிறது, முழுதாக அழியவில்லை என்பதுதான் செய்தி. மேலும், டிஃபிசில் ஸ்போர்களுக்கு எதிராக ஆல்கஹாலும் குவாட்டர்னரி அம்மோனியமும் செயல்படா. அங்கே குளோரின், பெர்அசெட்டிக் அமிலம், போதிய செறிவுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவையே ஸ்போரைக் கொல்லும். ஆனால் குளோரின், இரத்தமும் மலமும் மற்ற அழுக்கும் இருக்கும் இடத்தில் அவற்றோடு வினைபுரிந்து தானே தீர்ந்துவிடும். ஆகையால் முதலில் சோப்புக் கரைசலால் அழுக்கை எடுத்துவிட்டுப் பிறகு குளோரின் இட வேண்டும். கரைசலை நாள்தோறும் புதிதாகக் கலக்க வேண்டும். அமிலத்தோடோ அம்மோனியாவோடோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வெளிவரும்.

கட்டமைப்புப்_பொறியாளர்

விளக்கங்களுக்கு நன்றி. அறையில் முன்பு இருந்தவரைப் பற்றிய கணக்கு என் ஐயத்தைப் பெரிதும் தீர்த்துவிட்டது. இப்போது என் துறை சார்ந்து கேட்கிறேன். மனிதக் கையால் பாதி இடங்கள்தான் துடைக்கப்படுகின்றன என்றால், புற ஊதா விளக்கையோ, செம்புக் கலவையால் செய்த கம்பிகளையும் கைப்பிடிகளையுமோ பொருத்துவது நல்ல தீர்வு ஆகாதா? இவற்றுக்கான முன்மொழிவுகள் எங்களிடம் அடிக்கடி வருகின்றன.

ஆய்வகவாசி

இரண்டுக்கும் இடம் உண்டு, இரண்டுக்கும் எல்லையும் உண்டு. செம்பு உலோகத்தின் மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் மடிகின்றன என்பது உறுதியாக நிறுவப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இலேயே செம்புக் கலவைகளைப் பதிவுசெய்து, முறையாகத் தூய்மை செய்யப்படும்போது இரண்டு மணி நேரத்தில் 99.9 விழுக்காடு பாக்டீரியாவைக் கொல்லும் என்று குறிப்பிட அனுமதித்தது. முறையாகத் தூய்மை செய்யப்படும்போது என்னும் நிபந்தனையைக் கவனியுங்கள். அழுக்கு படிந்த செம்பின்மேல் உட்காரும் கிருமி செம்பைத் தொடுவதே இல்லை. நோயாளிகளின் தொற்று குறைகிறதா என்பதில் கிடைத்திருக்கும் சான்று, பரப்பின் எண்ணிக்கை குறைவதில் கிடைத்த சான்றளவுக்கு வலுவாக இல்லை.

புற ஊதா விளக்குக்கு நல்ல சோதனை ஒன்று நடந்திருக்கிறது. ஆண்டர்சன் குழுவினர் 2017இல் வெளியிட்ட அந்தச் சோதனை ஒன்பது மருத்துவமனைகளில் நடந்தது. வழக்கமான மருந்தோடு புற ஊதா ஒளியையும் சேர்த்தபோது, அந்த அறைக்கு அடுத்து வந்தவர்கள் குறிப்பிட்ட எதிர்ப்புக் கிருமிகளைப் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. குளோரினோடு புற ஊதாவைச் சேர்த்தபோது டிஃபிசிலில் கூடுதல் நன்மை தெரியவில்லை. நிழல் விழும் இடத்தில் ஒளி வேலை செய்யாது, அறையில் ஆள் இருக்கும்போது இயக்கக் கூடாது, துடைத்த பிறகுதான் இயக்க வேண்டும். ஆகவே அது துடைப்பவருக்கு மேலே ஒரு கூடுதல் பாதுகாப்பு. அதை வாங்கிவிட்டு ஆள்களைக் குறைக்கும் திட்டம் உங்கள் மேசைக்கு வந்தால், தயவுசெய்து எதிர்த்து எழுதுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 11 மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளியான ரீச் சோதனையில் புதுக் கருவிகள் எவையும் மையமாக இல்லை. பயிற்சி, சரியான பொருள், சரியான முறை, தணிக்கை, பணியாளரோடு பேச்சு ஆகியவைதாம் அதில் இருந்தன. விஆர்இ தொற்று 37 விழுக்காடு குறைந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இரத்தத் தொற்றிலும் டிஃபிசிலிலும் உறுதியான மாற்றம் காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

துணைக்கு_இருப்பவர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நெருங்கிய உறவினர் தீவிர சிகிச்சையில் இருப்பதால் இந்த இழையைப் படித்தேன். படித்தபின் அவருடைய கட்டிலைத் தொடவே அச்சமாக இருக்கிறது. பார்வையாளராக நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? நானே கிருமிநாசினித் துணி வாங்கிக்கொண்டு போய்த் துடைக்கலாமா?

வார்டு_பொறுப்பு

அச்சப்படாதீர்கள். உங்கள் உறவினரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது அவருக்குத் தேவை. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கைகளைத் தூய்மை செய்யுங்கள். கட்டிலையோ மேசையையோ தொட்டபின், அவருடைய ஊசி போட்ட இடத்தையும் குழாய்களையும் கட்டுகளையும் தொடாதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிரிவு என்றால் சானிடைசரை நம்பாமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். பையையும் கைப்பேசியையும் கட்டிலின்மேல் வைக்க வேண்டாம். கருவிகளை நீங்களே துடைப்பது மட்டும் கூடாது. எந்தப் பொருளுக்கு எந்த மருந்து என்று கணக்கு இருக்கிறது, இணைப்புகள் அசைந்துவிடவும் கூடும். ஏதேனும் அழுக்காக இருப்பதைப் பார்த்தால் பணியில் இருக்கும் செவிலியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல செவிலியர் எவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மற்றவர்களுக்கு: அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போவது இவை. பூட்டிவைக்கும் அந்த ஒரு நாளை நம்ப வேண்டாம். அந்த நேரத்தைத் துடைப்பதற்குக் கொடுங்கள். பம்பு, மானிட்டர், பட்டை, கிளிப் ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில் பிரியுங்கள். மின் கருவிகளைச் செவிலியர்களே எடுத்துக்கொள்கிறோம். புற ஊதாப் பொட்டுச் சோதனையைத் தண்டனைக்காக அன்றிப் பயிற்சிக்காக நடத்துவோம், முடிவைத் தூய்மைப் பணியாளர்களிடமே முதலில் காட்டுவோம். மேற்பார்வையாளர் அம்மாவிடம் இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது: கட்டில்களுக்கு இடையே தொங்கும் திரைத்துணி, அப்புறம் கணினி விசைப்பலகை. விசைப்பலகையைத் துடைத்தால் கெட்டுவிடும் என்று கணினிப் பிரிவினர் தடுக்கிறார்கள்.

தூய்மைப்பணி_மேற்பார்வை

திரைத்துணியைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நோயாளியைத் தொட்ட கையுறையோடு திரையை இழுப்பதும், திரையை இழுத்த கையோடு நோயாளியைத் தொடுவதும் நாள் முழுவதும் நடக்கிறது. ஓல் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மாட்டிய 13 திரைகளில் 12 ஒரே வாரத்தில் மாசுபட்டிருந்தன. நீலி, மேலி ஆகியோர் 2000இல் மருத்துவமனைத் துணிகளையும் பிளாஸ்டிக்கையும் வைத்துச் செய்த சோதனையில், அவற்றில் சிலவற்றின்மேல் சில ஸ்டெஃபைலோகாக்கஸ், எண்டரோகாக்கஸ் வகைகள் 90 நாள்களையும் தாண்டி இருந்தன. ஆகவே தனிமைப்படுத்திய நோயாளி சென்றதும் திரையைக் கழற்றி வெளுக்க அனுப்பிவிடுங்கள், அல்லது துடைக்கக்கூடிய தடுப்புப் பலகைக்கு மாறுங்கள்.

விசைப்பலகைக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. ருடாலா குழுவினர் 2006இல் பல வகைக் கிருமிநாசினிகளால் விசைப்பலகைகளைத் துடைத்துப் பார்த்தார்கள். கிருமிகளின் எண்ணிக்கை 95 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. 300 முறை துடைத்த பின்பும் விசைகளின் செயல்பாட்டிலோ தோற்றத்திலோ பழுது இல்லை. திரவத்தை நேரடியாகத் தெளிக்காமல், பிழிந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளைப்பணி தொடங்கும்போதும், அந்த இருக்கையில் உட்காருபவரே துடைப்பது என்று வைத்துக்கொண்டால், யார் பொறுப்பு என்னும் கேள்வியே அங்கே எழாது.